328 மார்க்கும் மூன்று லட்சம் ரூபாயும்

கேள்வி:

கொளத்தூரிலிருந்து எழுதுகிறேன். என் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். பத்தாவதில் 391 எடுத்தான். பிளஸ் டூவில் 600-க்கு 328தான் வந்திருக்கிறது. தமிழ் 71, ஆங்கிலம் 58, கணக்கு 41, இயற்பியல் 46, வேதியியல் 49, கணினி அறிவியல் 63. என் கணவர் டாடா ஏஸ் வைத்து பாடியில் லோடு அடிக்கிறார். எங்கள் இரண்டு பக்கத்திலும் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. கொழுந்தனார் ஒரு ஏஜென்ட்டை வீட்டுக்கே கூட்டி வந்தார். "இந்த மார்க்குக்கு கவுன்சலிங்கில் ஒன்றும் கிடைக்காது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் வாங்கித் தருகிறேன். மூன்று லட்சம் ஆகும். சீட்டைப் பிடித்து வைக்க முதலில் 25,000 கொடுங்கள்" என்கிறார். நகையை அடகு வைக்கலாம் என்று இருக்கிறோம். மகனோ எதற்கும் வாய் திறப்பதில்லை. கேட்டால் "படிப்பே வேணாம், டெலிவரி ஓட்டுறேன்" என்கிறான். ரிசல்ட் வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. சாயந்திரமானால் நண்பனின் அண்ணன் வைத்திருக்கும் செல்போன் சர்வீஸ் கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறான். இந்த மார்க்கை வைத்துக்கொண்டு நல்ல காலேஜ் கிடைக்குமா?

– பெயர் வெளியிட விரும்பாத தாய், கொளத்தூர்

பதில்:

அம்மா, அந்த 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். ஏஜென்ட் சொன்னதில் அடிப்படையே தவறு. உங்கள் மகனுக்கு கவுன்சலிங்கில் இடம் கிடைக்கும்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கலந்துகொள்ள, கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் சேர்த்துப் பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம் வேண்டும். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியலின, பழங்குடிப் பிரிவினருக்கு 40 சதவீதம் போதும். உங்கள் மகனுக்கு மூன்றிலும் சேர்த்து 136, அதாவது 45 சதவீதத்துக்கு ஒரு முடி மேலே. எந்தப் பிரிவாக இருந்தாலும் தகுதி உண்டு. கட்-ஆஃப் 200-க்குப் போடுவார்கள்: கணக்கு முழுதாக, மற்ற இரண்டும் பாதிப் பாதி. 41, 23, 24.5 என்று கூட்டினால் 88.5 வருகிறது. பெரிய கட்-ஆஃப் இல்லைதான். ஆனால் கடைசிச் சுற்றில் இதைவிடக் குறைவாக வைத்திருப்பவர்களும் இடம் எடுக்கிறார்கள். எல்லாச் சுற்றும் முடிந்த பிறகும் ஆயிரக்கணக்கான இடங்கள் வருஷா வருஷம் காலியாகவே கிடக்கின்றன. ஆள் கிடைக்காமல் இருக்கும் இடத்துக்கு யாராவது அட்வான்ஸ் கொடுத்துப் 'பிடித்து வைப்பார்களா'?

இதைவிட முக்கியமான ஒன்றை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதன் மதிப்பு உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாநகராட்சிப் பள்ளி. அரசுப் பள்ளியில் அப்படித் தொடர்ந்து படித்தவர்களுக்குப் பொறியியல், சட்டம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு அரசு 2021-இல் சட்டமாகக் கொண்டுவந்தது. மாநகராட்சிப் பள்ளியும் இதில் அடக்கம். அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. போட்டியும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும்தான். பொது வரிசையில் எட்டாத கல்லூரி சில சமயம் இதில் எட்டிவிடும். அதில் இடம் வராமல் பொதுக் கலந்தாய்வில் வந்தாலும் முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. உங்கள் வீட்டில் யாரும் பட்டம் வாங்காததால் அதற்கும் உங்கள் மகன் தகுதியானவன்.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் போய்ச் சேர்ந்தால் இந்த இரண்டுமே கிடையாது. அதாவது, அரசாங்கம் செலவு செய்யத் தயாராக இருக்கும் ஒரு பிள்ளைக்கு நகையை அடகு வைத்துச் செலவு செய்யச் சொல்கிறார் அந்த மனிதர். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வரும் தொழில் அது. கவுன்சலிங்கில் போனால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது, அவ்வளவுதான்.

பணம் கைமாறுவதற்கு முன் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992-லிருந்தே இருக்கிறது. அதனால்தான் இந்தப் பணத்துக்கு ரசீது கேட்டால் பேச்சு மாறும். அசல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் 'சும்மா வெரிஃபிகேஷனுக்கு' என்று கேட்டாலும் விட்டுவிட்டு வராதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவும், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும் சொல்லியிருக்கின்றன. சொல்லியும், ஜூலை மாதத்தில் அதை மீட்கத் தாம்பரத்துக்கும் திருவள்ளூருக்கும் அலையும் பெற்றோரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, சீட் கிடைக்கும், காசும் பெரிதாக ஆகாது என்றால் இன்ஜினீயரிங்கிலேயே சேர்த்துவிடலாமே என்று கேட்பீர்கள். எனக்குத் தயக்கம் அங்கேதான்.

மார்க் ஷீட்டை எடுத்து இன்னொரு முறை பாருங்கள். மொத்தத்தைப் பார்க்காதீர்கள். இயற்பியலில் 46 என்றால் அதில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10, எழுத்துத் தேர்வுக்கு 70 என்று பிரித்துப் போட்டிருக்கும். செய்முறையும் அகமதிப்பீடும் பெரும்பாலான பள்ளிகளில் முழுசாகவோ முழுசை ஒட்டியோ கிடைத்துவிடும். அந்த முப்பதைக் கழித்தால், உங்கள் மகன் இயற்பியல் எழுத்துத் தேர்வில் 70-க்கு ஏறக்குறைய 16 எடுத்திருக்கிறான். எழுத்துத் தேர்வில் தேர்ச்சிக்கே 15 வேண்டும். வேதியியலில் இதே கணக்கில் 19. கணக்குக்குச் செய்முறை கிடையாது, அகமதிப்பீடு பத்தைக் கழித்தால் 90-க்கு 31. கணினி அறிவியலில் மட்டும் 70-க்கு 33.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பொறியியலில் முதல் வருஷம் எந்தப் பிரிவு எடுத்தாலும் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் மறுபடி வரும். பிளஸ் டூவில் விட்ட இடத்திலிருந்து, ஆங்கிலத்தில், ஆறே மாதத்தில் ஒரு செமஸ்டர் என்ற வேகத்தில் வரும். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் கம்ப்யூட்டர் மட்டும் படிக்கலாம் என்று பிள்ளைகளும் நினைக்கிறார்கள், பெற்றோரும் நினைக்கிறார்கள். முதல் செமஸ்டரில் மூன்று அரியர், இரண்டாவதில் நான்கு என்று ஏறிவிட்டால், மூன்றாம் வருஷத்தில் மற்றவர்கள் புராஜெக்ட் பேசும்போது இவன் முதல் வருஷக் கணக்கை எழுதிக்கொண்டிருப்பான். கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளில் பல, ஸ்டாண்டிங் அரியர், அதாவது இன்னும் முடிக்காத அரியர், இருந்தால் உள்ளேயே விடமாட்டார்கள். அரசாங்கம் கட்டணத்தைக் கட்டும், இழந்த வருஷத்தைத் திருப்பித் தராது. என்னிடம் வருகிற பிள்ளைகளில் பிளஸ் டூவில் மார்க் குறைந்து வந்தவர்களைக் கரையேற்றுவது சுலபம். நான்கு வருஷம் முடித்து, பன்னிரண்டு அரியருடன், பட்டமும் இல்லாமல் வந்து நிற்பவர்களுக்கு வழி சொல்வதுதான் கஷ்டம்.

ஆனாலும் உங்கள் மகனை 'படிப்பு ஏறாத பையன்' என்று நான் முடிவு கட்டத் தயாரில்லை. பத்தாவதில் 391 எடுத்தவன் அவன். 78 சதவீதம். அந்தப் பிள்ளை இரண்டே வருஷத்தில் எழுத்துத் தேர்வில் 16-க்கு இறங்கினால், நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. ஃபர்ஸ்ட் குரூப் யார் எடுக்கச் சொன்னது? பிளஸ் ஒன்னில் எந்த மாதத்தில் பாடம் கை நழுவியது? டியூஷன் இருந்ததா? ராத்திரி ஃபோனா? அப்பாவோடு லோடு ஏற்றப் போனானா? வேறு மனக்கஷ்டம் ஏதாவதா? கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கேட்டிருக்க மாட்டீர்கள் என்று குறை சொல்லவில்லை. மார்க் வந்த வாரத்தில் எந்த வீட்டிலும் இதைக் கேட்பதில்லை.

இரண்டு விதமான 41 உண்டு. உட்கார்ந்து படித்தும் புரியாமல் வந்த 41, உட்காரவே உட்காராமல் வந்த 41. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், உள்ளே ரொம்ப வித்தியாசம். உங்கள் மகனுடையது எது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வகை நுண்கணிதம் என்ற பாடத்தை எடுத்து, தெரிந்த கணக்கு ஆசிரியர் ஒருவரிடம் தினம் ஒரு மணி நேரம், இரண்டு வாரம் உட்கார வையுங்கள். மார்க் எதுவும் போட வேண்டாம். இரண்டு வாரம் கழித்து, பிள்ளைக்குப் பிடி கிடைக்கிறதா என்று அந்த ஆசிரியர் சொல்லிவிடுவார். கிடைக்கிறது என்றால் 7.5-இல் இன்ஜினீயரிங்கை நம்பிக்கையோடு யோசிக்கலாம். இல்லையென்றால், அல்லது உட்காரவே மாட்டேன் என்றால், அதுவும் பதில்தான்.

அப்படியென்றால் எங்கே போவது? உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, சாயந்திரமானால் செல்போன் கடையில் போய் உட்கார்ந்துகொள்கிறான் என்பது. நீங்கள் அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே என்ன செய்கிறான் என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். சும்மா ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால் விடுங்கள். போர்டைக் கழற்றி, மல்டிமீட்டர் வைத்து, எங்கே ஷார்ட் என்று தேடிக்கொண்டிருந்தால் அது எலக்ட்ரானிக்ஸ் படிப்பு. புத்தகத்தில் 16 எடுத்த பிள்ளை அதையே கையால் செய்து கற்றுக்கொண்டிருக்கலாம்.

அப்படி இருக்குமானால் நான் முதலில் சொல்வது பாலிடெக்னிக். பத்தாவது முடித்துச் சேர்ந்தால் மூன்று வருஷம். பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்துத் தேறியவர்கள் நேரடியாக இரண்டாம் வருஷத்தில் சேரலாம், இரண்டே வருஷத்தில் டிப்ளமோ. சென்னையில் இதற்குப் பஞ்சமில்லை. தரமணியில் சி.பி.டி. என்று எல்லோரும் சொல்லும் மத்திய பாலிடெக்னிக் இருக்கிறது. அச்சு, தோல், ஜவுளி, வேதித் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கென்று தனித்தனி அரசு நிறுவனங்களும் அந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன. உங்களுக்குக் கிட்டத்தில் என்றால் புரசைவாக்கத்திலும் ஓர் அரசு பாலிடெக்னிக் உண்டு. தரமணி தூரம் என்று யோசிக்காதீர்கள். வில்லிவாக்கத்தில் ரயில் ஏறினால் சென்ட்ரல், பக்கத்திலேயே பார்க் டவுனில் பறக்கும் ரயில், தரமணி ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளலாம். கட்டணம் அரசு பாலிடெக்னிக்கில் வருஷத்துக்குச் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் என்று எந்தப் பிரிவில் இரண்டாம் வருஷ இடம் இருக்கிறது என்பதை அந்த வருஷ அறிவிப்பில் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். கிண்டியில் சிப்பெட் இருக்கிறது, மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம். அங்கேயும் டிப்ளமோ உண்டு, நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் மெஷினை ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த டிப்ளமோ ஆட்களுக்கு வேலை இருக்கிறது. சம்பளம் ஆரம்பத்தில் சுமார்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதில் இன்னொரு நன்மை, உங்கள் கொழுந்தனாருக்குக் கூடப் பிடிக்கும். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. படிப்பில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். அதற்குத் தனிக் கலந்தாய்வு, காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி நடத்திவருகிறது. அங்கே வரிசை போடுவது டிப்ளமோ மார்க்கை வைத்து. இந்த 328 அன்றைக்குக் கணக்கிலேயே வராது. இரண்டு வருஷம் கழித்து, இருபதாவது வயதில், சர்க்யூட் என்றால் என்ன என்று தெரிந்த ஒரு பையனாக பி.இ.க்குள் போவது வேறு விஷயம். ஆனால் ஒன்று: 7.5 ஒதுக்கீடு முதல் வருஷச் சேர்க்கையில் தரும் அதே சலுகை அப்போதும் அப்படியே கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். இப்போது இன்ஜினீயரிங்கை விட்டால் விடுகிற பெரிய சலுகை அதுதான். இதைத் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும். எது சரி என்று என்னைக் கேட்டால், அந்த இரண்டு வாரச் சோதனையில் கணக்கு பிடி கொடுக்கவில்லையென்றால் இலவச இன்ஜினீயரிங்கை விட டிப்ளமோதான் சரி என்பேன்.

ஐ.டி.ஐ. என்று சொன்னால் சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். "பிளஸ் டூ முடித்துவிட்டு ஐ.டி.ஐ.யா?" என்பார்கள். எனக்கு இந்தக் கேள்வியே எரிச்சலாக இருக்கும். வீட்டில் ஏ.சி. ஓடவில்லை என்றால் அதே சொந்தக்காரர் ஐ.டி.ஐ. படித்த ஆளின் நேரத்துக்காகக் காத்திருக்கிறார். ஐ.டி.ஐ.யில் சேர்க்கை எட்டாவது, பத்தாவது மார்க்கை வைத்துத்தான். அதாவது உங்கள் மகன் அங்கே 328 எடுத்தவன் இல்லை, 391 எடுத்தவன். விரும்பிய டிரேடு கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. உங்கள் பக்கம் அம்பத்தூரிலேயே அரசு ஐ.டி.ஐ. உண்டு, வடசென்னையிலும் கிண்டியிலும் உண்டு. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து அரசு நவீனப்படுத்தியிருக்கிறது. ரோபோடிக்ஸ், சி.என்.சி. என்று புது டிரேடுகள் வந்திருக்கின்றன. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. முடித்த பிறகு பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்ற இடங்களில் அப்ரென்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். ஐ.டி.ஐ. முடித்தும் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் சேரும் வழி திறந்தேதான் இருக்கிறது. இரண்டு வருஷம் கூடுதலாகும் என்பதால் இவனுக்கு இதை நான் முதலாவதாகச் சொல்லவில்லை, அவ்வளவே. கை வேலைதான் வேண்டும், புத்தகமே வேண்டாம் என்று அவனே உறுதியாகச் சொன்னால் தயங்காமல் சேருங்கள்.

எதில் சேர்ந்தாலும் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவனுடைய வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த ஆண் பிள்ளைகளுக்கானது. பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. மூன்றுக்கும் பொருந்தும். ஆதார் இணைத்த கணக்கு அவன் பெயரில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். கல்லூரி திறந்த பிறகு வங்கியில் நிற்கும் கூட்டம் உங்களுக்குத் தெரியாததா!

கலை அறிவியல் கல்லூரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் விண்ணப்பம் போட்டு வைக்கச் சொல்வேன். அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் இணையத்தில் ஒரே விண்ணப்பம், பதிவுக் கட்டணம் சேர்த்து 50 ரூபாய், பட்டியலினத்தாருக்கும் பழங்குடியினருக்கும் 2 ரூபாய்தான். மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடங்களை 400-க்குக் கூட்டுவார்கள், இவனுக்கு 199. அதை வைத்து மாநிலக் கல்லூரியிலோ நந்தனத்திலோ பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் எதிர்பார்க்க முடியாது, பி.காமும் அப்படித்தான். அந்த இரண்டுக்கும் சென்னையில் நடக்கிற அடிதடி தனி. வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியில் வேறு பாடங்களுக்கு முயற்சி செய்யலாம். குரூப் 2 தேர்வுக்கோ வங்கித் தேர்வுக்கோ ஏதாவதொரு பட்டம் இருந்தால் போதும். ஆனால் அந்த மாதிரி உட்கார்ந்து படிக்கும் ஆர்வம் அவனிடம் இருப்பதாகக் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை.

இனி அந்த டெலிவரி விஷயம். அவனைத் திட்டாதீர்கள். குடும்பத்துக்குப் பாரமாக இருக்கிறேன் என்று நினைக்கிற பிள்ளைதான் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறது. வீட்டில் நகை அடகுப் பேச்சு நடக்கிறது, அவன் காதிலும் விழுந்திருக்கும். பதினெட்டு முடியாமல் கியர் வண்டிக்கு லைசென்ஸ் கிடைக்காது என்பது ஒருபுறம். பதினெட்டு ஆனாலும் அது படித்துக்கொண்டே சாயந்திரத்தில் செய்கிற வேலையாக இருக்கலாம், ஷிஃப்ட் கல்லூரிகளில் எத்தனையோ பிள்ளைகள் அப்படித்தான் ஃபீஸ் கட்டுகிறார்கள். அதுவே முழுநேரத் தொழிலானால் பெட்ரோலும் சர்வீஸும் போகக் கையில் நிற்பதை அவனோடு உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். கணவர் வண்டி வைத்து ஓட்டுபவர், இந்தக் கணக்கை உங்களைவிட அவர் நன்றாகச் சொல்லுவார். சித்தப்பா சொல்வதைவிட அப்பா சொல்வது பிள்ளைக்கு உறைக்கவும் செய்யும்.

சாப்பிடுவதில்லை என்று எழுதியிருப்பதை மட்டும் லேசாக விடாதீர்கள். ரிசல்ட் வந்து ஒரு வாரம் பத்து நாளில் பிள்ளைகள் தெளிந்துவிடுவார்கள். அதைத் தாண்டியும் தூக்கமில்லாமல், பேச்சில்லாமல் இருந்தால், அல்லது 'நான் இருந்து என்ன பயன்' என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், அன்றைக்கே 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணும் உண்டு. தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது. கல்லூரி விஷயம் ஒரு வாரம் தள்ளிப் போனால் ஒன்றும் ஆகிவிடாது.

இதே கேள்வியை வேறு நிலையிலிருந்து கேட்டு இந்த மாதம் வந்த கடிதங்களுக்கும் இங்கேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டு பாடத்தில் தவறியவர்கள் உடனே துணைத் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள், இந்த வருஷத்தையே காப்பாற்றிவிடலாம். பிளஸ் டூ தேறாமலே திறந்தநிலைப் பட்டம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பத்து, பன்னிரண்டு, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் படிக்காவிட்டால் தமிழ்நாட்டு அரசு வேலைக்கு அந்தப் பட்டம் செல்லாது. காமர்ஸ் குரூப்பில் மார்க் குறைந்தவர்கள் சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதத் தடையில்லை, பிளஸ் டூ தேறியிருந்தால் போதும். ஆனால் தேர்வு கடினம், 'ஈசியாகப் பாஸ்' என்று விளம்பரம் செய்யும் கோச்சிங்கை நம்பாதீர்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸின் இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டத்துக்கும் ஜே.இ.இ. வேண்டாம், நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதலாம். கணக்கு வராதவர்களுக்கு அது இல்லை. பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் வரும். 'நூறு சதவீதம் வேலை' என்று சொல்லி, எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் போடாமல், ஏர்போர்ட் யூனிஃபார்ம் போட்ட படத்தோடு பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் டிப்ளமோக்களுக்கு லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன், சான்றிதழில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று கேளுங்கள். நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் அட்மிஷன் போடக் கூடாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பொறியியல் கலந்தாய்வுக்கு இப்போதே பதிவு செய்துவிடுங்கள், பொதுவாக ஜூன் முதல் வாரவாக்கில் பதிவு முடிந்துவிடும். சேரப் போவதில்லை என்றாலும் பரவாயில்லை, கதவு திறந்திருக்கட்டும். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷச் சேர்க்கைக்கும் ஐ.டி.ஐ.க்கும் அரசுக் கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போடுங்கள், எல்லாம் சேர்ந்தாலும் ஏஜென்ட் கேட்ட அட்வான்ஸில் ஒரு மூலைக்குக் காணாது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பியுங்கள், தாலுகா அலுவலகத்தில் ஒப்புதல் வர நாளாகும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான விவரம் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவில் சரியாக இருக்கிறதா என்று பள்ளியில் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியிலும் சான்று வாங்க வேண்டியிருக்கும். கோடை விடுமுறையிலும் அலுவலகத்தில் யாராவது இருப்பார்கள், காலையில் போனால் ஆள் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417-இல் கேட்கலாம்.

விண்ணப்பம் போட மையத்துக்குப் போகும்போது அவனையும் கூட்டிப் போங்கள், படிவத்தை அவன் கையாலேயே நிரப்பட்டும். அந்த இரண்டு வாரம் முடிந்ததும் அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். கணக்கு ஆசிரியர் என்ன சொன்னார், செல்போன் கடையில் அவன் தானாகச் சரிசெய்த கடைசி பழுது என்ன, இந்த இரண்டையும் எழுதினால் போதும். எலக்ட்ரானிக்ஸா வேறு பிரிவா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.